நாலு முறை திறந்த கதவு

மார்க்கெட் மாடியில் பக்கத்துப் பக்கத்தில் மிஷின் போட்டுப் பதினோரு வருஷம் தைத்தவர்கள் அவர்கள் இருவரும். ஒருத்தி இன்றைக்கு அமைச்சர். இன்னொருத்தி இன்றைக்கும் காஜாக்காரிதான். சட்டைக்குப் பட்டன் துளை போடுகிறாள்.

அந்த மார்க்கெட்டில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. வேலைக்கு வந்த முதல் நாளே தோழி காஜாக்காரியின் காதோடு சொல்லிக்கொடுத்தாள்: "காலையில தண்ணியே குடிக்காதடி. சாயங்காலம் வரைக்கும் தாங்கிடும்."

அந்தத் தோழிதான் கவுன்சிலர் தேர்தலில் நின்றாள். "ஆம்பளைங்க இதைப் பேசவே மாட்டாங்க, நான் கட்டிக் காட்டுறேன்" என்றாள். மார்க்கெட்டே ஓட்டைக் கொட்டியது. கட்டியும் விட்டாள், பொய் சொல்லக் கூடாது. ரிப்பன் வெட்டி, தன் பெயர் பொறித்த கல்லையும் பதித்தாள். மறுநாளே பூட்டு விழுந்தது. கல்லில் சேர்மன் பெயர் விட்டுப்போனதாம், அவருக்குக் கோபமாம்.

அடுத்த தேர்தலில் இவளே சேர்மன் ஆனாள். புதுக் கல், புது ரிப்பன், அதே கதவு. சேர்மன் அம்மா பெயர் தாங்கிய கட்டடம் அழுக்காகக் கூடாதென்று மறுபடி பூட்டு. சட்டமன்றத்துக்குப் போனபோதும் அதே கூத்து. பதவி ஏற ஏறக் கல்லும் பெருத்துக்கொண்டே வந்தது. கழற்றிய கற்களை உடைக்க யாருக்கு ரெண்டு தலை இருக்கிறது? "பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார் கல்லைப் பதித்துப் பூட்டும் போடுகிற மேஸ்திரி.

இதற்குள் காஜாக்காரிக்கு மூன்று தடவை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. இனிமேலும் அடக்கினால் சிறுநீரகம் கெட்டுவிடும், நிறையத் தண்ணீர் குடி என்றார் டாக்டரம்மா. அவருக்கென்ன, அவர் கிளினிக்கில் கதவு திறக்கிறது! இந்த முறையும் ஏமாற்றினால் மிஷினை விற்றுவிட்டு வீட்டோடு கிடக்க வேண்டியதுதான் என்று காஜாக்காரி முடிவு கட்டியிருந்தாள்.

அமைச்சரானவள் நாலாவது தடவை திறக்க வந்தாள். மூன்று மணி நேரக் கார் பயணம், வழியெல்லாம் வரவேற்பு, ஒவ்வொன்றிலும் ஒரு கிளாஸ் ஜூஸ். மேடையில் கட்சிக்காரர்கள் ஐந்து பேர் அவளைப் புகழ்ந்து தீர்த்தார்கள். "பெண்களின் வேதனையை நான் அறிவேன்" என்று அவள் மைக்கில் முழங்கும்போதே கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதைக் காஜாக்காரி கவனித்துவிட்டாள். அந்த நிற்பு அவளுக்குத் தெரியாதா என்ன.

ரிப்பனை வெட்டியதும் அமைச்சர் உள்ளே போகணும் என்றாள். எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். திறந்துவைத்தவர் உள்ளே போகிற வழக்கமே அங்கே இல்லை. மேஸ்திரி பூட்டைத் திறந்தார்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. கவுன்சிலர் கல், சேர்மன் கல், இரண்டையும் அமுக்கிக்கொண்டு சட்டமன்றக் கல். பீங்கான் இருக்கிற இடமே தெரியவில்லை.

"உங்க பேரு இருக்குதுங்கம்மா... வெளிய போட்டா மரியாதையா இருக்காதுன்னு..." என்று இழுத்தார் மேஸ்திரி.

அமைச்சர் வெளிறிப்போய்க் காஜாக்காரியின் கையைப் பிடித்தாள். இத்தனை வருஷம் கழித்து அந்தப் பழைய குரல் வந்தது. "ஏய், பக்கத்துல எங்கயாவது பாத்ரூம் இருக்காடி?"

"ஏண்டி, காலையில தண்ணி குடிச்சிட்டா வந்தே?" என்றாள் காஜாக்காரி. "நீதானே வேணாம்னு சொல்லிக் குடுத்தே."

கட்சிக்காரர்கள் வெள்ளைச் சட்டையோடு கல் தூக்கினார்கள். இத்தனை வருஷம் நடக்காதது பத்தே நிமிஷத்தில் நடந்தது. அமைச்சர் உள்ளே ஓடினாள். அவளுக்குப் பின்னால் மார்க்கெட் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். வரிசையில் முதலில் நின்ற காஜாக்காரி, கொக்கியில் தொங்கிய பூட்டைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.