எடுத்துட்டு மறுபடி வைங்க

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் மனைவியின் தோளில் நான் கை வைத்திருந்தபோது அவளுக்குத் தோன்றியது. அவளிடமிருந்து நான் சுட்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: தோலுக்கு அடியில் ஓர் இருண்ட பெருங்கடல் உறங்கிக்கொண்டு...

(அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாவது தொடக்கம்: என் மனைவி தொடு உணர்வை ஆராய்பவள். தட்டில் வளர்த்த நரம்புச் செல் ஒன்றை மிக மெல்லிய கண்ணாடிக் குச்சியால் தொடுவாள். செல்லின் மேலுறை அமுங்கினால், அதில் பதிந்திருக்கும் ஒரு புரதம் வளைந்து நடுவே வழி விடும். மின்னூட்டம் கொண்ட உப்புத் துகள்கள் உள்ளே பாயும். உடனே திரையில் ஒரு கோடு துள்ளும்.

ஒரு வாரமாகக் கோடு துள்ளவே இல்லை. திங்கட்கிழமை மைக்ராஸ்கோப் அடுத்த குழுவின் கைக்குப் போகிறது. அதற்குள் துள்ளாவிட்டால் அத்தனை உழைப்பும் அம்போ.

(இங்கே அவளை அழவைக்கலாமா என்று யோசித்தேன். அவள் அழவில்லை. பாத்திரங்களைத்தான் படார் படாரென்று வைத்தாள்.)

3

சமாதானப்படுத்தலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கை இருப்பது தெரிகிறதா என்று கேட்டேன். நல்ல பெயர் வாங்கும் ஆசைதான், வேறென்ன.

"தெரியல. எடுத்துட்டு மறுபடி வைங்க."

எனக்குச் சுருக்கென்றது. எடுத்தேன், வைத்தேன்.

"இப்பத் தெரியுது," என்றவள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஐயோ, குச்சி."

விஷயம் இதுதான். குச்சி வழுக்கிவிடக் கூடாதே என்று, பதிவைத் தொடங்கும் முன்பே அதைச் செல்லின்மேல் அழுத்தி நிறுத்திவிடுவாளாம். அழுத்தம் மாறாமல் இருந்தால் அந்தப் புரதம் கண்சிமிட்டும் நேரத்தில் வழியை மூடிக்கொள்ளும். விலக்கிவிட்டுத் தொட்டால்தான் பழையபடி திறக்கும். மாணவர்களுக்கு அவளே நடத்திய பாடம். செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினாள்.

4

முடிவு அ: கோடு துள்ளியது, ஆய்வகமே கைதட்டி... (சினிமாத்தனம்.)

முடிவு ஆ: கோடு துள்ளவில்லை, அவள்... (மாட்டேன். இதே வீட்டில்தான் நானும் இருக்க வேண்டும்.)

இப்படி அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. பின்னால் வந்து நின்று என் தோளில் கை வைத்தாள். திரும்பிப் பார்க்க விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை இருப்பதே எனக்கு மறந்துபோனது.

எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

கோடு என்ன ஆனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது கை ஒழியவில்லை.