பதினாலாம் நம்பர் வீட்டு முழங்கால்

இட ஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்துவிட்ட வாரம் அது. ஆலைக்கு லாரி போகவில்லை. லாரி போகவில்லையென்றால் வெட்டின கரும்பை யார் தின்பது? கச்சிராயபாளையத்துக் கரும்பு வெட்டும் ஆட்களெல்லாம் வேலையில்லாமல் அடிபம்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

செவ்வந்தியும் உட்கார்ந்திருந்தாள். எப்படி எழுந்திருப்பது என்பதுதான் அவள் கவலை. ஐந்து வருடமாக வலது முழங்கால் அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தது. அவள் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். குடத்தை நகர்த்துகிற பாவனையில் பம்புக் கைப்பிடியைப் பற்றி எழுவாள். வயலில் கத்தி தீட்டுகிற சாக்கில் நின்று மூச்சு விடுவாள். மேஸ்திரி சின்னராசுக்குத் தெரிந்தால் கூட்டத்திலிருந்து கழித்துவிடுவார். முட்டி போன ஆளை எந்த மேஸ்திரி வைத்துக்கொள்வான்? புருஷன் போன பிறகு அவள் கத்திதான் அந்த வீட்டில் அடுப்பை எரித்தது.

அப்போதுதான் செந்தமிழ்ச்செல்வி வந்து சேர்ந்தாள். திருக்கோவிலூர்ப் பெண். தீராத வலி யாருக்கெல்லாம் இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிற வேலை. பஸ் இல்லாததால் கள்ளக்குறிச்சியிலிருந்து விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்திருந்தாள். தலைமுடியில் புளிய இலை ஒட்டியிருந்தது.

“இன்னா பாப்பா, சாதிக் கணக்கா?” என்றாள் பக்கத்து வீட்டு இருசம்மாள்.

“இல்லக்கா, வலிக் கணக்கு.”

“வலியில எங்களுக்கு எத்தன பர்சென்ட் குடுப்பாங்க?”

பம்படியே சிரித்தது. ஆனால், மூன்று மாதத்துக்கு மேலாக உடம்பில் எங்காவது வலி உண்டா என்று அந்தப் பெண் கேட்டதும் ஒவ்வொருவரும் கல்லுக்குண்டு போல நிமிர்ந்துகொண்டார்கள். “எனக்கா? ஒண்ணுமில்ல” என்றாள் இருசம்மாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். மேஸ்திரி நாலடி தள்ளிச் சாய்ந்த மரத்தில் ஒருக்களித்துக்கொண்டு பீடி பிடிக்கிறாரே!

“பதிமூணு வூட்லயும் வலியே இல்லியா? இந்தத் தண்ணிய எங்க ஊருக்கு ஒரு கொடம் எடுத்துக்கினு போறேன்” என்றாள் செந்தமிழ்ச்செல்வி, வாடிய முகத்தோடு.

செவ்வந்திக்குப் பாவமாகிவிட்டது. “இருசாவுக்கு இல்லியாமா? எடது இடுப்பு. மூணாவது புள்ள பொறந்ததுலேர்ந்து.”

“ஐய, சொல்ல வந்துட்டா! இவள எழுதிக்கோ பாப்பா. வலது முட்டி. பம்பு கைய எதுக்குப் புடிக்கிறான்னு நெனச்ச?”

 செவ்வந்தி ஓரக்கண்ணால் மேஸ்திரியைப் பார்த்தாள். பீடி புகைந்துகொண்டிருந்தது.

“அடுத்தவங்க வலிய எழுத இதுல எடமில்லக்கா. அவங்கவங்க வாயால சொல்லணும். பதினாலாம் நம்பர் வூடு, உங்களுக்கு இருக்குதா, இல்லியா?”

“இல்ல” என்றாள் செவ்வந்தி.

“இல்லன்னு எழுதாத பாப்பா” என்றார் சின்னராசு. “அஞ்சு வருசமா இருக்குது.”

“யாருண்ணே சொன்னது?” என்றாள் செவ்வந்தி.

“யாரு சொல்லணும்? வரப்பு ஏறி எறங்காத வாய்க்கா ஓரத்த உனக்கே எதுக்கு வுடறேன்? உன் மூஞ்சி அழகுக்கா?”

அது தன் அதிர்ஷ்டம் என்று அவள் மாரியம்மனுக்குச் சூடம்கூட ஏற்றியிருந்தாள். முதலில் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பின்னாலேயே கோபம் வந்தது. ஐந்து வருட நடிப்பும் வீணா?

“தெரிஞ்சும் வாயத் தொறக்கலியே நீ! பம்பப் புடிச்சுப் புடிச்சு என் கையி காய்ச்சுப் போச்சு!”

“நல்லாத்தான நடிச்ச. எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்.”

“அப்ப இவரயும் எழுதிக்கோ பாப்பா. முதுகு. கீழ வுழுந்த பீடிக்கட்ட காலால செவுரு வரைக்கும் தள்ளிக்கினு போயி, செவுத்தப் புடிச்சுக்கினுதான் எடுப்பாரு. இவரு குனியாம இருக்கத்தான் நான் கரும்புக்கட்ட எடுத்துக் குடுக்கறேன்.”

சின்னராசு பீடியை வாயிலிருந்து எடுத்தார். “எனக்கு இன்னா கொற? ஒண்ணுமில்ல.”

செந்தமிழ்ச்செல்வி யாரையும் பார்க்காமல், வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை உதறினாள்.

“சரி, எழுதுடி கண்ணு” என்றாள் செவ்வந்தி. “இருக்குது. அஞ்சு வருசம்.”

“தாங்கவே முடியாததுக்குப் பத்துன்னா, உங்களுக்கு எத்தன?”

“வெட்டற நாள்ல ரெண்டு. இப்பிடிச் சும்மா குந்திக்கினு இருந்தா ஏழு. ரோட்டத் தொறக்கச் சொல்லு, கம்மியாவும்.”

தாளில் ஒரு எண்ணுக்குத்தான் கட்டம் இருந்தது. செந்தமிழ்ச்செல்வி இரண்டையும் நெருக்கி எழுதினாள். இருசம்மாள் மெல்ல நகர்ந்து வந்து, “என்னுத அடிச்சுட்டு வேற எழுது, பாப்பா” என்றாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர்.

செவ்வந்தி எழுந்திருக்கப் பார்த்தாள். பழக்கத்தில் கை பம்புக்குப் போனது; வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டாள். சின்னராசு எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையை அவளிடம் நீட்டினார். அவள் பிடித்து இழுத்து எழுந்தாள்.

“யம்மாடி!” என்றார் மேஸ்திரி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

செந்தமிழ்ச்செல்வி புதிய தாள் ஒன்றை எடுத்தாள்.

“அண்ணே, உங்க வூட்டு நம்பரு?”