கலியமூர்த்திக்குச் சுடாத தீ

திரௌபதி அம்மன் கோயில் வாசல் பேனரில் தர்மகர்த்தா அறிவழகன் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். 'மாபெரும் இலவச மருத்துவ முகாம்' என்ற எழுத்துக்கு அவர் மீசைக்குக் கீழே கொஞ்சம் இடம் கிடைத்திருந்தது. என்ன பெரிய முகாம்? ஒரு பிளாஸ்டிக் மேசை, ஒரு பிரஷர் மிஷின், ஒரு சுகர் மிஷின், சுகாதார நர்ஸ் பூவிழி. அவ்வளவுதான்.

தீமிதிக்கு ஊரே கூடும், ஒரே நாளில் எல்லோரையும் பரிசோதித்துவிடலாம் என்று அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினாள். புண்ணியவான்கள் பொங்கல் அண்டாவுக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்கள். சனம் சர்க்கரைப் பொங்கலை வழித்துத் தின்றுவிட்டு, அதே விரலைச் சுகர் பார்க்க நீட்டியது. போதாததற்கு அறிவழகன் ஒவ்வொருவர் சுகரையும் மைக்கில் அறிவித்தார். "அரசப்பன், முந்நூத்திப் பத்து!" கைதட்டல் வேறு.

அடுத்து கலியமூர்த்தி வந்து உட்கார்ந்தார். முப்பது வருஷமாக உப்பளத்தில் உப்பு வாருகிறவர். மூன்று வருஷமாகத் தீக்குழியில் முதலில் இறங்குவதும் அவர்தான். மற்றவர்கள் ஓடுவார்கள், இவர் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல நடப்பார். இன்றைக்கும் காப்புக் கட்டி, சாயந்திரம் இறங்கத் தயாராக இருந்தார்.

"நமக்குச் சுடாதும்மா. உப்புத்தண்ணிகூட கால்ல எரியாது. எல்லாம் ஆத்தா அருள்."

பூவிழி சுகர் மிஷினில் நானூறைப் பார்த்துவிட்டு, அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரியான ஒரு நைலான் இழையை அவர் பாதத்தில் வைத்து அழுத்தினாள். "தொட்டா சொல்லுங்கண்ணா."

"மொதல்ல நீ ஆரம்பிம்மா," என்றார்.

அவள் அதற்குள் பத்து இடத்தில் அழுத்தி முடித்திருந்தாள். குதிகாலில் வேலிக்காத்தான் முள் ஒன்று ஏறி, சுற்றிலும் வீங்கிக் கிடந்தது. மனுஷனுக்கு அதுவும் தெரியவில்லை.

"சர்க்கரை நரம்பைக் கெடுத்துடுச்சுண்ணா. இந்தக் காலோட தீயில எறங்குனா, காலையே எடுக்க வேண்டி வந்துடும்."

கலியமூர்த்தியின் முகம் சின்னதாகிவிட்டது. "அப்போ மூணு வருஷமா அவ எங்கூட நடக்கலியா?"

அறிவழகனுக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, சுகர் பாக்க வந்தியா, ஆத்தாகிட்ட மோத வந்தியா? மொத ஆளே எறங்கலன்னா திருவிழா என்னாவறது?"

இந்த ஆளிடம் நரம்பைப் பற்றிப் பாடம் நடத்தினால் விடிந்துவிடும். பூவிழி இடுக்கியை எடுத்து முள்ளைப் பிடுங்கினாள். ரத்தம் வழிந்தது. பக்கத்தில் நின்ற பூசாரியிடம் சத்தமாகக் கேட்டாள்: "சாமி, ரத்தம் வழியற காலோட குழியில எறங்கலாங்களா?"

"ஐயையோ, கூடவே கூடாது! தீட்டு!"

நாலு வருஷ நர்சிங் படிப்பால் ஆகாததைத் தீட்டு ஒரு நொடியில் முடித்தது. அறிவழகன் மைக்கை அணைத்துவிட்டார்.

சாயந்திரம் கலியமூர்த்தி காலில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பூவிழி பக்கத்திலேயே நின்றாள். தீயில் இறங்கியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்து, "ஐயோ, அம்மா" என்று தீக்குழியின் முடிவில் இருந்த பால்குழியில் குதித்தார்கள்.

"அவனுங்களுக்கு நெசமாவே சுடுதாம்மா?"

"சுடுதுண்ணா."

"குடுத்து வெச்சவனுங்க," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.