முப்பது எண்ணும் நேரம்

எலித் தொல்லை தாங்காமல் பூனை வளர்ப்பவர்களை எங்கும் பார்க்கலாம். எலி வளர்த்துக் குடும்பம் நடத்தியவள் அவள் ஒருத்திதான். ஆராய்ச்சிக்கூடத்தில் வாசல் காவலாளியிலிருந்து பெரிய அதிகாரி வரை எல்லோருக்கும் அவள் எலியம்மா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

காலையில் வந்ததும் வெளி உடுப்பைக் கழற்றிவிட்டு தொப்பி, முகமூடி, கையுறை, காலுறை என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடிக்கொண்டுதான் எலி அறைக்குள் நுழைய வேண்டும். உள்ளே சுவர் நீளத்துக்கு அடுக்கடுக்காகக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டிகள். எலி வளையானாலும் தனி வளை என்பார்களே, இங்கே வளைக்கு ஒரு காற்றுக்குழாயும் உண்டு. அழுக்குப் பெட்டியை மாற்றும்போது பழைய கூட்டிலிருந்து ஒரு பிடி காகிதப் பஞ்சை எடுத்துப் புதுப் பெட்டியில் போடுவாள். சொந்த வாசனை இல்லாவிட்டால் அதுகள் மிரண்டுபோகும். வாலைப் பிடித்துத் தூக்குகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் ஒரு குழாயை முன்னால் நீட்டுவாள். எலி தானாக நுழையும், அப்படியே எடுத்துப்போவாள். விதி என்பதற்காகச் செய்கிறவர்கள் உண்டு. அவள் மனசாரச் செய்தாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அந்த வருடம் அவள் பொறுப்பில் விட்டிருந்தவை ஒரு நோயோடு பிறந்த சாம்பல் எலிகள். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் நோய். குட்டியில் ஓடியாடித் திரியும். வளர்ந்ததும் பின்னங்கால் நடுங்கும், பிறகு இழுபடும், பிறகு உடம்பே சொன்னபடி கேட்காது. பாதிப் பெட்டிகளுக்குத் தண்ணீரில் புது மருந்து, மீதிப் பாதிக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர். பெட்டியில் நீலப் புள்ளி அல்லது மஞ்சள் புள்ளி ஒட்டியிருக்கும். எந்த நிறத்தில் மருந்து என்பது மேல்மாடியில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். எலியம்மாவுக்கும் தெரியாது, ஆராய்ச்சி செய்யும் இளம்பெண்ணுக்கும் தெரியாது. தெரிந்தால் பார்க்கிற கண் ஒரு பக்கமாகச் சாயும் என்பதற்காக அந்த ஏற்பாடு.

எலியம்மாவின் வேலை எண்ணுவது. தினமும் ஒவ்வொரு எலியையும் மெல்லப் பக்கவாட்டில் படுக்கவைப்பாள். முப்பது எண்ணுவதற்குள் அது புரண்டு எழ வேண்டும். எழாவிட்டால் பெட்டியில் சிவப்பு அட்டை செருக வேண்டும். மிருக டாக்டர் வந்து ஊசி போட்டு, வலி தெரியாமல் ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடுவார். அதற்குமேல் அந்த உயிரை வதைக்கக்கூடாது என்பது கூடத்தின் விதி. எந்தப் பெட்டிக்கு எந்த நாளில் சிவப்பு விழுந்தது என்பதை வைத்துத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று முடிவு கட்டுவார்கள். எலியம்மாவுக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, அதனால் அவள் எண்ணுவதுதான் சரி என்று எல்லோரும் நம்பினார்கள்.

அங்கேதான் கோட்டை விட்டார்கள். அவள் புருஷனுக்கு அதே நோய்.

அவர் தையல்காரர். ஒருநாள் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது. "உன் எலிங்க என்னைக் கடிச்சிருக்கும்டி" என்று சிரித்தார். இப்போது படுக்கையில் தானாகப் புரளக்கூட முடியாது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் அப்படியே கிடப்பார். பார்த்த டாக்டர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். இந்த மருந்து எலியிடம் தேறினால் அடுத்து மனிதருக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள், அவர் பெயரை முதலிலேயே சேர்க்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வேலையிடத்தில் இதைச் சொன்னால் அந்த அறையிலிருந்து அவளை மாற்றிவிடுவார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்ற கதையாக நாள் ஓடியது.

முதலில் தளர்ந்தவை மஞ்சள் பெட்டி எலிகள்.

யாராக இருந்தாலும் மஞ்சள்தான் சர்க்கரைத் தண்ணீர் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அவள் வேறொன்றைக் கண்ணால் பார்த்தவள். முன்பு வேறொரு வியாதிக்குப் புருஷனுக்கு ஒரு மாத்திரை கொடுத்தபோது முதல் மாதம் மனிதர் கிழிந்த நாராகக் கிடந்தார். அதற்குப் பிறகு எழுந்து உட்கார்ந்து தன் கையால் சாப்பிட்டார். "மருந்துன்னா முதல்ல வாட்டும், அப்புறம்தான் தூக்கும்" என்றார் அந்த டாக்டர். அது அவள் மனதில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. வாடுவது மஞ்சள் என்றால் மருந்து மஞ்சளில்தான் இருக்கிறது. இந்த வாட்டத்தை மட்டும் அதுகள் தாண்டிவிட்டால் போதும்.

அன்று ஒரு மஞ்சள் எலி பக்கவாட்டில் கிடந்து முன்னங்காலால் காற்றைத் துழாவியது. இருபத்தைந்து, இருபத்தாறு. எழவில்லை. இருபத்தெட்டு. அவள் நாக்கு அப்படியே நின்றது. கையுறை மாட்டிய சுண்டுவிரலை அதன் முதுகுக்கு அடியில் வைத்து ஒரு முட்டு கொடுத்தாள். எலி புரண்டு எழுந்து தள்ளாடியது.

"எந்திரிச்சிட்டியா? பாத்தியா, எந்திரிச்சிட்ட! என் ராசாத்தி" என்று முகமூடிக்குள் அழுதாள்.

ஒன்றுக்குக் கொடுத்த விரலை மற்றதற்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. எல்லா மஞ்சள் எலிகளுக்கும் விரல் கொடுத்தாள். எட்டிக் கடிக்க முடியாதவற்றுக்குத் தீனியை ஊறவைத்துக் கூழாக்கி மூக்கின் முன்னால் வைத்தாள். நீலப் பெட்டிகளுக்கு அது கிடைக்கவில்லை. அங்கே பெட்டியை மாற்றினாள், வழக்கமான தீனி வைத்தாள், ஒழுங்காக முப்பது எண்ணினாள், காலம் வந்ததும் சிவப்பு அட்டையைச் செருகினாள்.

எடை பார்க்க வந்த இளம்பெண் ஒரு மஞ்சள் பெட்டியின் முன் நின்றாள்.

"அக்கா, இது ரொம்ப வாடிப்போச்சே. சிவப்பு வைக்கலையா?"

"முப்பதுக்குள்ள எழுந்திரிச்சிடுது மேடம்."

"நிஜமாவா?"

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத்தான் மேடம் பாக்கறேன்."

அந்தப் பெண் நம்பினாள். எலியம்மா சொன்னால் அதற்கு மறுபேச்சு அந்தக் கூடத்தில் கிடையாது.

எலியம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, கண் இடுங்கி, காது பின்னால் மடிந்து கிடந்தால் அந்த எலிக்கு வலிக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். இப்போது மஞ்சள் பெட்டி ஒவ்வொன்றிலும் அந்த முகம்தான் இருந்தது. "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கடா சாமி. இன்னிக்கு ஒரு நாள்" என்பாள். மறுநாளும் அதையே சொல்வாள். வீட்டுக்குப் போனால் புருஷனைப் புரட்டிப் போட்டுவிட்டு அவரிடமும் அதையே சொல்வாள்.

கடைசியில் விரல் கொடுத்தும் எழாத நிலைக்கு வந்து, மஞ்சளுக்கும் ஒவ்வொன்றாகச் சிவப்பு விழுந்தது. அறை காலியானது. மேல்மாடியில் ரகசியத்தைப் பிரித்தார்கள்.

உடை மாற்றும் அறையின் பெஞ்சில் இளம்பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலியம்மா பக்கத்தில் போனாள்.

"என்னாச்சு மேடம்?"

"போச்சுக்கா. எல்லாம் போச்சு. நீலத்துலதான் மருந்து. மஞ்சள் வெறும் சர்க்கரைத் தண்ணி. ரெண்டும் ஒரே நாள் கணக்குலதான் செத்திருக்கு. மருந்து குடிச்சதும் ஒண்ணுதான், குடிக்காததும் ஒண்ணுதான். இது ஒண்ணுக்கும் ஆகாதுன்னு மூடச் சொல்லிட்டாங்க."

எலியம்மாவுக்கு நீலப் பெட்டிகள் கண்முன் வந்தன. நீலம் யார் தயவும் இல்லாமல் தானாக எழுந்து நின்ற நாட்கள் எத்தனை! மருந்து வேலை செய்திருக்கிறது. அந்த மருந்தைத் தோற்கடித்தது அவள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்று சொல்வதற்கும் ஒரு அளவு உண்டு. இங்கே அவள் தன் புருஷனின் கழுத்தையே அல்லவா நெரித்திருக்கிறாள்.

"மேடம், மருந்து மேல தப்பில்லை. மஞ்சளை நான்தான் எழுப்பிவிட்டேன்."

"என்ன சொல்றீங்க?"

"விரலால முட்டுக் கொடுத்தேன். கூழ் வச்சேன். அதுலதான் மருந்து இருக்குன்னு நினைச்சேன். வீட்ல அவருக்கும் இதே நோய் மேடம்."

இளம்பெண் எழுந்தாள். அடிப்பாளோ என்று இருந்தது. அடிக்கவில்லை.

"எத்தனை எலிக்கு?"

"மஞ்சள் மொத்தத்துக்கும்."

"அப்போ இந்தக் கணக்குல ஒண்ணைக்கூட எடுத்துக்க முடியாது. மறுபடி குட்டி போட வச்சு, வளர்த்து, முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஒரு வருஷம் ஆகும்." மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். "உங்க வீட்டுக்காரருக்கு அவ்வளவு நாள் இருக்காக்கா?"

"இல்லை மேடம்."

மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று அதிகாரி சொன்னார். அவர் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்பதே சந்தேகம்.

மாலையில் வீட்டுக்கு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் புருஷனிடம் கொட்டினாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை. அவர் கூரையைப் பார்த்தபடியே பேசினார். நாக்கும் இப்போது குழற ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"அதுங்களுக்கு... வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும்."

"உனக்குத் தெரியுமா அப்போ?"

"தெரியும்."

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"எனக்கு அப்படிப் பண்ணிடாத. முடியாமப் போச்சுன்னா விட்டுடு."

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். அவள் அவர் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துப் புரட்டிப் போட்டாள்.