எங்கே இருந்தபோது, யாருக்கு

மாலை நேர பிரெஞ்சு வகுப்பில் தினமும் டைரி எழுதச் சொல்லியிருந்தார்கள். எனக்கு எழுத விஷயம் கிடைக்காது. அதனால், இன்று ஓட்டுப் போட்டால் யாருக்கு என்று ஒரு வரி, அதை எங்கே உட்கார்ந்து எழுதினேன் என்று இன்னொரு வரி. எம்.பி. தேர்தல்; இது என் முதல் ஓட்டு. நானே யோசித்துப் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

பிரசாரம் முடிந்த அன்று பக்கங்களைப் புரட்டினேன். சேதராப்பட்டில் வேலை இடைவேளையில் எழுதிய ஒன்பது நாளும் டாக்டர். பக்கத்துக் கம்பெனிப் புகையால் எனக்கு மதியத்துக்குள் வறட்டு இருமல் வந்துவிடும். புகைபோக்கிக்கு வடிகட்டி பொருத்தச் செய்வேன் என்ற வேட்பாளர் அவர். ரெட்டியார்பாளையம் வீட்டில் எழுதிய எட்டு நாளும் வக்கீல். எங்கள் தெருச் சாக்கடைக்கு மூடி போடுவேன் என்றவர். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. யோசித்தது நான்தானா?

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் நஸ்லினிடம் நோட்டைக் காட்டினேன்.

"இன்னா பிரேம், ஓட்டுப் போடப் போறியா, பஸ் டிக்கெட் எடுக்கப் போறியா? எறங்கற எடத்துக்கு ஏத்த ஆளு!"

"சிரிக்காத. இதுல எது என்னோட முடிவு?"

"உன் பூத் எங்க?"

"எங்க தெரு ஸ்கூல்."

"அப்ப வக்கீலுக்குத்தான், போ. சாக்கடையத் தாண்டித்தான உள்ள போவ?"

அது நியாயமாகப் படவில்லை. வாக்குப்பதிவு அன்று காலை, முதலில் சேதராப்பட்டுக்கு வண்டியை விட்டேன். புகையைப் பார்த்துவிட்டு வந்து சாக்கடையையும் பார்த்தால் இரண்டும் சமமாகிவிடும் என்பது என் கணக்கு. தேர்தலுக்கு விடுமுறை விடுவார்கள் என்பதை யோசிக்கவில்லை. புகைபோக்கிக்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது.

"லீவு நாள்ல இன்னா தம்பி?" என்றார் கேட்டில் இருந்த காவலாளி அம்மாவாசை.

"புகையப் பாக்க வந்தேண்ணே."

"இன்னிக்கு ஒரு நாளுதான் நிம்மதியா மூச்சு உடறேன். அதையும் கெடுக்க வந்தியா?"

திரும்பினேன். தெருவில் சாக்கடையைத் தூர் வாரி, ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். ஓட்டுப் போட வருகிறவர்களுக்காகவாம். இரண்டு இடமும் என்னைக் கைவிட்டுவிட்டன.

வரிசையில் முன்னால் நின்ற மாடி வீட்டு செல்வாம்பாள் அக்கா திரும்பிப் பார்த்தார். "இன்னாடா முழிக்கிற? சின்னம் மறந்துபோச்சா?"

"சின்னம் ஞாபகம் இருக்குக்கா. மத்ததுதான் குழப்பம்."

ஓட்டு மெஷின் மறைப்புக்குள் நின்றபோது பவுடர் நெடி தொண்டையில் ஏறியது. இருமினேன். நிற்கவில்லை. கம்பெனியில் வரும் அதே வறட்டு இருமல்.

"சீக்கிரம், தம்பி," என்றார் அதிகாரி.

டாக்டருக்கு அழுத்தினேன். சின்னம் அச்சான சீட்டு மெஷின் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து விழுந்தது.

மாலையில் நோட்டை எடுத்தேன். யாருக்கு: டாக்டர். இடம்: ரெட்டியார்பாளையம் என்று எழுதி அடித்தேன். சேதராப்பட்டு என்று எழுதி அதையும் அடித்தேன். கடைசியில் தொண்டை என்று எழுதினேன். அது சரியா என்று தெரியவில்லை. பிரெஞ்சில் அதற்கு என்ன சொல் என்பதும் தெரியவில்லை.