ஆறாம் நம்பர் கிடாய்

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேஜையில் பதினாறு வருஷம் நின்றவள் பொன்னாத்தாள். தைத்து வந்த பீஸை இழுத்து, திருப்பி, குறை தெரிந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அங்கே அவள் வேலை. வேலையை விட்டு இரண்டு வருஷமாகியும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. போன ஆவணியில் கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாப்பிள்ளையின் சட்டைக் காலரையே திருப்பிப் பார்த்து, புருஷன் கன்னையனைத் தலைகுனிய வைத்தாள். அப்படிப்பட்டவள் ஆடு வளர்த்தால் எப்படி இருக்கும்?

காங்கேயம் பக்கம் கிளுவை முள்வேலிக்குள் மூன்று ஏக்கர் மேய்ச்சல் காடும் இருபது வெள்ளாடுகளும் அவர்களுக்கு இருந்தன. ஆடுகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். தடுப்பூசி, பூச்சி மருந்து, மாதா மாதம் எடை எதுவும் ஒரு நாள் தள்ளிப் போகாது. தினமும் காலையில் ஒவ்வொன்றாக வாயைத் திறந்து, குளம்பைத் தூக்கி, கண்ணிமையைப் புரட்டிப் பார்ப்பாள். குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு அம்பு ஒட்டிவிடுவாள்.

"ஏம்புள்ள, ஊர்ல அவனவன் ஆட்டுக்கு மணி கட்டறான். நீ ஸ்டிக்கர் ஒட்டற" என்று கன்னையன் புலம்புவான். அவனுக்கு ஆடு என்றால் விற்கிற சரக்கு. அதைப் புகழ்ந்து பேச அவனை மிஞ்ச ஆளில்லை.

அந்த பக்ரீத்துக்கு எட்டுக் கிடாய்கள் தயாராக நின்றன. புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு பேச்சு. எட்டும் நல்ல ஆள் கைக்கு மொத்தமாகப் போனால் ஆடு வளர்ப்பு தொடரும். போகாவிட்டால் தாய் ஆடு உட்பட எல்லாம் தரகர் மகுடேஸ்வரனின் வண்டியில் ஏறும், பொன்னாத்தாள் மறுபடி செக்கிங் மேஜைக்குப் போவாள். டியூப்லைட் வெளிச்சத்தில் மறுபடி நாளெல்லாம் நிற்க அவளுக்கு மனமில்லை. காட்டு வெயிலில் கறுத்தாலும் பரவாயில்லை, இந்த ஆடுகள் போதும் என்றிருந்தாள்.

கிடாய் வாங்க ஆள் வரப்போகிற அன்று காலையில்தான் வினை. எட்டில் ஓங்கி வளர்ந்த ஆறாம் நம்பர் கிடாய் பட்டியை விட்டு வரும்போது இடது பக்கக் கதவுக் காலில் முட்டிக்கொண்டது. பொன்னாத்தாள் அதன் இடது கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினாள். இமை அசையவில்லை. கண் பளிங்குபோல் தெளிவாகத்தான் இருந்தது, பார்வைதான் இல்லை. கண் தெரியாத கிடாய் பக்ரீத் பலியான குர்பானிக்கு ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். கண்ணுக்குக் கீழே ஒரு அம்பை ஒட்டினாள். அவள் தண்ணீர் எடுத்துவரப் போன நேரத்தில் மூன்றாம் நம்பர் அந்த அம்பை நக்கித் தின்றுவிட்டது.

"பாத்தியா, ஆடே பாஸ் பண்ணிருச்சு. நீ வாயைத் தொறக்காத" என்றான் கன்னையன்.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. சேக் தாவூதும் அவர் மனைவி சைதுன்னிசாவும் இறங்கினார்கள். தாவூது பாய் பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர். பொன்னாத்தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நீங்க... ஆறாயிரம் பீஸு. கழுத்துப் பட்டையில ஊசி ஓட்டை."

"ஆமாங்க பாய்" என்றாள் அவள் மெதுவாக. அந்த லாட்டை அவளுக்கும் நினைவிருந்தது.

"மூணே மூணு பீஸுக்கு மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பண்ணீங்க. மூணு நாள் தூங்காமப் பிரிச்சுப் பாத்தோம்." பாய் காருக்குத் திரும்பிப் போய் அம்பு ஸ்டிக்கர் ரோல் ஒன்றை எடுத்து வந்தார். பனியன்காரர் காரில் அது இல்லாமலா இருக்கும்? "எனக்கு எட்டு வேணும். எட்டையும் நானே செக் பண்றேன். ஒண்ணு ரிஜெக்டுன்னாலும் லாட்டே ரிஜெக்ட்."

சைதுன்னிசா தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

பாய் பல்லைப் பார்த்தார், கொம்பை ஆட்டிப் பார்த்தார், ஒவ்வொன்றையும் நடக்கவிட்டு, குனிந்து வாலுக்கடியில் டார்ச் அடித்தார். ஐந்தாம் நம்பர் எரிச்சலில் அவர் ஜிப்பாவை மென்றது. ஒட்ட ஒரு அம்புக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. ஆறாம் நம்பரிடம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"மாஷா அல்லாஹ். இதுதான் லாட்லயே டாப்பு."

"கண்ணப் பாருங்க பாய், கழுகுக் கண்ணு!" என்றான் கன்னையன்.

எட்டும் முடிந்தன. பாய் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். தோற்ற வருத்தமும் நல்ல சரக்கு கிடைத்த சந்தோஷமும் அவர் முகத்தில் ஒன்றாகத் தெரிந்தன. "பாஸ்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் பொன்னாத்தாளின் காடும் ஆடும் அவளுக்கே ஆகிவிட்டன. பேசாமல் இருந்தால் போதும். கன்னையன் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். ஆனால் குறையுள்ள பீஸ் ஒன்று கண்ணெதிரே பாஸ் ஆகிப் போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பாஸ் பண்ணாதீங்க பாய். ஆறாம் நம்பருக்கு இடது கண்ணு தெரியாதுங்க."

பாய் விரலை ஆட்டிப் பார்த்தார். டார்ச் அடித்தார். கன்னையன் வானத்தைப் பார்த்தான்.

"இன்னிக்கும் நான் பாக்காததை நீங்க பாத்துட்டீங்க" என்றார் பாய். குரலில் கோபமா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. "ஆனா சொன்ன சொல்லு சொல்லுதான். லாட் ரிஜெக்ட்."

பொன்னாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாதாடவில்லை. அவளே போட்ட சட்டம்.

சைதுன்னிசா எழுந்து வந்தார். "அன்னிக்கு ரிஜெக்ட் பண்ணிட்டு இந்த அம்மா உங்களைத் துரத்தியா விட்டாங்க?"

"இல்ல. குறைப் பீஸை ஒதுக்கிட்டு மறுபடி கொண்டாரச் சொன்னாங்க."

"பெறகென்ன. அதே சட்டம் இங்கயும் உண்டுல்ல? ஆறை ஒதுக்குங்க. என் தம்பிக்குத்தானே எட்டாவது? அவன் வந்து அவனே தேடிக்கட்டும்."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரீ-செக் பாஸ். ஏழும் எனக்கு. அடுத்த வருசம் பத்து. ஆனா செக்கிங் நீங்கதான் பண்ணோணும். என் முதுகு தாங்காது" என்று ஸ்டிக்கர் ரோலை அவள் கையில் வைத்தார்.

பொன்னாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரோலில் ஒரு அம்பைக் கிழித்து, கன்னையனின் கன்னத்தில், வாயைக் காட்டுகிற மாதிரி ஒட்டினாள். சைதுன்னிசா விழுந்து விழுந்து சிரித்தார்.

கார் போய்ப் புழுதி அடங்குவதற்குள் மகுடேஸ்வரன் போன் போட்டுவிட்டார். கன்னையன் கன்னத்து அம்போடு எடுத்தான்.

"கிடாய் வித்துப் போச்சுங்க, தாய் ஆடு குடுக்கறதா இல்லீங்க. கிடாய்ல ஒண்ணே ஒண்ணு நிக்குது. அதுவும் பாருங்க, கண்ணு..." பழைய பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. பொன்னாத்தாள் ரோலைக் கையில் பிடித்தபடி எதிரே நின்றாள். "கண்ணு ஒண்ணு தெரியாதுங்க. இடது பக்கம். மத்ததெல்லாம் சுத்தம். வேணும்னா வந்து பாத்துட்டு எடுங்க."

அவள் பக்கத்தில் வந்து, அவன் கன்னத்து அம்பைப் பிய்த்து எடுத்தாள்.