கடைசியாகக் கை வைத்தவர்

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், எங்கள் குழுவின் மூத்த நிரலாளன் ஒக்னியான் காபிக் கோப்பையோடு வந்து என் மேசை விளிம்பில் உட்கார்ந்தான். பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் மேசை மேல்தான் உட்காருவான். எதிரில் இருப்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டும், அதில் அவனுக்கு ஒரு சுகம். ஆஸ்திரியாவிலிருந்து யாரோ எங்கள் மென்பொருளை வாங்கப் பார்க்கிறார்களாம். மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புவதற்குள் அதில் உள்ள எழுத்துப் பிழைகளை ஒருத்தர் உட்கார்ந்து களைய வேண்டுமாம். கையேட்டிலும் சரி, நிரல் வரிகளின் ஓரத்தில் அவரவர் எழுதி வைத்த குறிப்புகளிலும் சரி, ஒன்று விடாமல். நான்தான் புதுசு, எல்லா மூலையையும் பார்த்த மாதிரியும் இருக்கும் என்றான். பக்கத்து மேசை யாசென் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

பள்ளிக்கூடங்களுக்கும் பாலர் பள்ளிகளுக்கும் குளிர்காலத்தில் எவ்வளவு சூடு விட வேண்டும் என்று குழாய் அடைப்பான்களுக்குச் சொல்லும் மென்பொருள் அது. அதற்குள் கிடந்த குறிப்புகளைப் பார்த்தால் வயிறு எரியும். எங்கள் மொழியை ஆங்கில எழுத்தில் அடித்து, அதில் எழுத்து இல்லாத ஒலிகளுக்கு நாலு, ஆறு என்று எண்களைச் செருகி, அவசரத்தில் பாதிச் சொல்லை விழுங்கி எழுதியிருந்தார்கள். பள்ளிப் பையன்கள் பெஞ்சுக்கு அடியில் அனுப்பிக்கொள்ளும் செய்தியைப் போல. இதில் பெரும்பாலானவை ஒக்னியானுடையவை. ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதும் வரம் அவனுக்கு இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினேன். இரண்டு மாதம் இந்த வேலைதான். மனிதர்கள் தூங்கப்போகும்போது ஆடு எண்ணுவார்கள். எனக்குக் கண்ணை மூடினால் நாலும் ஆறும் வந்தன.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது உடைந்தால், உடைந்த வரியில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மறுநாள் காலை எல்லோருக்கும் பனிட்சா வாங்கி வர வேண்டும், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடுக்கு ரொட்டி, சூடாக. வரிக்கு வரி பெயர் காட்டும் வசதி ஒன்று எல்லார் கணினியிலும் இருக்கிறது. இந்தத் தொழிலில் அதற்கு வைத்திருக்கும் பெயரே பழி என்பதுதான். யார் எழுதினார்கள் என்பதை அது முதலில் சொல்லாது, கடைசியாக யார் கை வைத்தார்கள் என்றுதான் சொல்லும். வரியின் வலது ஓரத்தில் இருக்கும் குறிப்பில் ஒரு எழுத்தைத் தொட்டாலும் போதும், இடது பக்கம் இருக்கும் கட்டளையும் சேர்ந்து உங்கள் பெயருக்கு வந்துவிடும். இலையுதிர்காலம் முடிவதற்குள் பாதி மென்பொருள் என் பெயரில் இருந்தது. அதற்குப் பிறகு அலுவலகத்தில் வேறு யாரும் பனிட்சா வாங்கவில்லை.

"ஊர்ல இருக்கிற நிலமெல்லாம் உன் பேர்ல பட்டா ஆயிடுச்சு ரலி" என்றான் யாசென், நான் மூன்றாவது முறை கடைப்பொட்டலத்தோடு நுழைந்தபோது. நானும் சிரித்துத் தொலைத்தேன். ஆறு மாதத் தகுதிகாண் காலம் வருஷக் கடைசியில் முடிகிறது, அதுவரை முகத்தைக் கோணக்கூடாது என்று எனக்கு நானே உத்தரவு போட்டிருந்தேன். இந்த வேலை போனால் பிளோவ்டிவை விட்டு என் சொந்த ஊர் விதினுக்குத் திரும்ப வேண்டும். விதினில் கணினி தெரிந்தவர்களுக்கு இருக்கும் ஒரே கடை என் முன்னாள் கணவனின் தம்பியுடையது. அந்தத் தம்பி முகத்தில் தினமும் விழிக்க என்னால் ஆகாது.

டிசம்பர் நடுவில், ஒரு திங்கட்கிழமை, கார்லோவோவில் ஒரு பாலர் பள்ளியைத் திறந்தவர்களுக்கு உள்ளே மூச்சு புகையாகப் போனது. சனி ஞாயிறு முழுக்கச் சூடு இல்லை. குழாய்கள் உறைந்து வெடித்து, குழந்தைகள் மத்தியானம் தூங்கும் அறையில் பாய்களெல்லாம் தண்ணீரில் கிடந்தன. குழந்தைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். காரணம் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. அறையின் வெப்பமானி பழுதாகி எண் அனுப்பவில்லை என்றால், அறை இருபது டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள் என்று ஒரு வரி. இருபது இருந்தால் சூடு எதற்கு? அடைப்பான் மூடிக்கொண்டது. அந்த வரியின் ஓரத்தில் ஒரு குறிப்பு: 'தற்காலிகம். ஈஸ்டருக்குப் பிறகு மாற்ற வேண்டும்.' எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. வரிக்குப் பக்கத்தில் என் பெயர்.

முதலாளி நெவேனா எங்களைக் கூட்டினாள். அவளுக்கு விற்கத் தெரியும், நிரல் தெரியாது. அதை மறைக்கவும் மாட்டாள். கார்லோவோ நகராட்சிக்குச் சாயங்காலத்துக்குள் ஒரு விளக்கமும் ஒரு பெயரும் கொடுக்க வேண்டும் என்றாள். நான் என் கணினியை அவள் பக்கம் திருப்பினேன். எனக்கு முன்னால் அந்த வரி யாருடையது என்று ஒரு படி பின்னால் போய்ப் பார்த்தால் போதும், ஒன்பது வருஷமாக ஒக்னியானுடையது, நான் தொட்டது குறிப்பை மட்டும், அதுவும் அவன் சொல்லித்தான் என்றேன். நெவேனா திரையைப் பார்க்கவே இல்லை. ஒக்னியானைப் பார்த்தாள்.

அவன் அவசரப்படவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, என்னிடம் பேசுவது போல அவளுக்குச் சொன்னான்.

"தற்காலிகம்னு எழுதியிருந்துது. அதுல இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தியிருக்கே. அப்ப அதைப் படிச்சியா இல்லையாம்மா?"

அவ்வளவு நாசூக்காக ஒருத்தன் கழுத்தறுப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வரியை நான் பார்த்தேன். எழுத்தாகப் பார்த்தேன். இரண்டு மாதம் எழுத்தை மட்டுமே பார் என்று உட்கார வைத்தவன், ஏன் அர்த்தத்தைப் பார்க்கவில்லை என்று கேட்கிறான்.

"ஒன்பது வருஷத்துல எத்தனை ஈஸ்டர் வந்துது, ஒக்னியான்?" என்று கேட்டேன்.

"நான் சொன்னேனா, கடைசியாத் தொட்டவங்க பொறுப்புன்னு? நீ வர்றதுக்கு முன்னாடியே இருக்கிற வழக்கம் இது."

நெவேனா யாசெனிடம் கேட்டாள். ஐந்து மாதம் பக்கத்தில் உட்கார்ந்து, என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஊறுகாய் மிளகாயை எடுத்துத் தின்றவன் யாசென். அவன் விசைப்பலகையில் இல்லாத தூசியைத் தட்டினான். "பேரு ரலியோடதுதான் இருக்கு" என்றான். பொய்யும் இல்லை பாருங்கள். அவனை அந்த இடத்திலேயே அறைந்திருப்பேன்.

கார்லோவோவுக்கு என் பெயர் போயிற்று. என் விஷயத்தில் என்ன செய்வது என்று வருஷத்தின் கடைசி வேலை நாளில் சொல்வதாக நெவேனா சொல்லிவிட்டு எழுந்தாள். எல்லோரும் கலைந்த பிறகு ஒக்னியான் என் மேசை மேல் வந்து உட்கார்ந்தான், சமாதானம் செய்கிறானாம்.

"பனிட்சாவை மறந்துடாதே. வருஷக் கடைசி, கடைப் பொட்டலம் வேணாம். வீட்டுல செஞ்சு எடுத்துட்டு வா."

ஆகட்டும் என்று, எங்கள் ஊர் வழக்கப்படி, தலையை இடவலமாக ஆட்டினேன்.

வீட்டில் செய்யும் புத்தாண்டு பனிட்சா வேறு. துண்டுக்கு ஒரு சின்னக் காகிதச் சுருள் உள்ளே வைத்துச் சுட வேண்டும்: பயணம், பிள்ளை, புது வீடு, காதல் என்று அதில் ஆளுக்கொரு பலன் எழுதியிருக்கும். மேசை நடுவில் தட்டைச் சுற்றிவிட்டு, நின்றதும் அவரவர் எதிரே இருக்கும் துண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு துண்டு வீட்டுக்கு என்று விட்டுவைப்பார்கள். பலன்களை எழுத உட்கார்ந்தபோது முதலில் நல்ல வார்த்தைகள்தான் யோசித்தேன், சத்தியமாக. ஒக்னியானுக்கு ஒரு நல்ல வார்த்தை யோசிக்கப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. எழுந்து கணினியைத் திறந்தேன்.

கடைசி நாள் வெளியே சேறும் பனியுமாக இருந்தது. சமையல் மேடையில் தட்டை வைத்தேன். வெண்ணெய் வாசனைக்கு எல்லோரும் தானாக வந்தார்கள், நெவேனாவும் கோட்டைக் கழற்றாமலே வந்தாள். இந்தத் துண்டில் உன் கல்யாணம், அந்தத் துண்டில் சம்பள உயர்வு என்று ஒருத்தரை ஒருத்தர் சீண்டிக்கொண்டார்கள். ஒக்னியான்தான் தட்டைச் சுற்றினான், வலுவாக. நின்றது. நான் யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. எந்தத் துண்டு யாருக்குப் போனாலும் எனக்கு ஒன்றுதான்.

யாசென் முதலில் பிரித்தான். உதட்டில் இருந்த சிரிப்பு இறங்கியது. சுருளை மறுபடி சுருட்டினான், பிறகு விரித்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன்னுடையதைப் படித்துவிட்டு எட்டி அவனுடையதைப் பார்த்தாள். இரண்டும் ஒன்று. இருபது டிகிரி என்று வைத்துக்கொள்ளச் சொல்லும் அந்த வரி. ஓரத்தில் நாலும் ஆறும் செருகிய அந்தப் பழைய குறிப்பு, நான் தொடுவதற்கு முன்னால் இருந்தபடியே, ஒரு எழுத்து மாறாமல். கீழே ஒக்னியானின் பெயரும் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதியும். எல்லோரும் அவரவர் சுருளையே பார்த்தார்கள். தெரியாததையா படித்தார்கள்?

ஒக்னியான் துண்டைக் கடித்துவிட்டிருந்தான். சுருள் அவன் பல்லில் பட்டதைப் பார்த்தேன். ஒரு நொடி தாடை நின்றது. சுற்றிலும் இருந்த கைகளைப் பார்த்தான், அவற்றில் இருந்த சின்னக் காகிதங்களைப் பார்த்தான், பிறகு காகிதத்தோடு சேர்த்து மென்று தின்ன ஆரம்பித்தான்.

"எனக்குக் கண்ணாடி இல்லாம படிக்க வராது, அப்புறம் பாத்துக்கறேன்" என்று நெவேனா தன் சுருளை விரல் நடுவில் வைத்தபடியே சொன்னாள். "உனக்கு என்ன வந்துது ஒக்னியான்?"

"ஒண்ணும் வரல" என்றான், வாய் நிறைய. விழுங்கினான். சிரமப்பட்டுத்தான் இறங்கியது, தொண்டை ஏறி இறங்கியதை எல்லோரும் பார்த்தோம்.

நெவேனா கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள். தன் சுருளைப் படித்தாள். பிறகு, தட்டில் வீட்டுக்கு என்று விட்டுவைத்திருந்த கடைசித் துண்டைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கையாலும் பிட்டு, உள்ளே விரலை விட்டுச் சுருளைத் தேடினாள்.